ஒரு பக்கத்துக்குள் ஒரு சதுப்பு நிலம்

கொலன்னாவை என்றதும் பலருக்கு எண்ணெய்த் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். கொழும்பின் மழைவெள்ளத்தை உள்வாங்கித் தேக்கிவைக்கும் சதுப்பு நிலமும் அங்கேதான் இருக்கிறது. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது இத்தகைய சதுப்புகளால்தான். நாணல், அல்லி, கொக்கு, நீலத் தாழைக்கோழி என்று அதற்குத் தனி உலகமே உண்டு. அந்த உலகை ஒரு கொப்பிப் பக்கத்தில் கொண்டுவர ஓவியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வெண்டிக்காய், ஓர் அழிறப்பர், கொஞ்சம் மை, ஒரு பெட்டி நிறப் பென்சில் போதும்.

ஆர்ட் ஜேர்னல் என்பது படமும் எழுத்தும் கலந்த நாட்குறிப்பு. ‘எனக்குக் கீறத் தெரியாது’ என்று ஒதுங்குபவர்களுக்கு முத்திரை நல்ல தொடக்கம். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் ஒற்றி அழுத்தினால் பூ வந்துவிடும். அழிறப்பரில் கொக்கு வேண்டுமானால், உருவத்தைப் பென்சிலால் கீறி, சுற்றியுள்ள பகுதியைச் செதுக்கி எடுக்க வேண்டும். பதியும்போது இடம் வலமாக மாறும். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்குவது அதனால்தான்.

முதலில் முத்திரை, பிறகு பென்சில். இந்த வரிசை முக்கியம். நிறப் பென்சிலின் கூரில் காரீயம் கிடையாது; நிறப்பொடியை மெழுகோ எண்ணெயோ சேர்த்துப் பிணைத்திருப்பார்கள். மெழுகு படிந்த தாளில் நீர் கலந்த மை சரியாக ஒட்டாது, திட்டுத்திட்டாக நிற்கும். மை நன்றாகக் காய்ந்தபின் வெளிர்நிறத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல அடர்நிறத்துக்குப் போக வேண்டும். பச்சையின் மேல் சிறிது நீலம் ஏற்றினால் நாணலுக்கு நிழல் கிடைக்கும். மெல்லிய பயிற்சிக் கொப்பியில் மை மறுபக்கம் ஊறும். தடித்த தாள் நல்லது.

கொக்கு நாணலுக்குப் பின்னால் நிற்பதாகக் காட்ட ஓர் அழகான வழி உண்டு. முதலில் பக்கத்தில் நாணலைப் பதியுங்கள். அதே நாணலை வேறொரு தாளிலும் பதித்து வெட்டியெடுத்து, பக்கத்தில் உள்ள நாணலின் மேல் சரியாகப் பொருத்தி வையுங்கள். இப்போது கொக்கைப் பதித்துத் துண்டை எடுத்தால், நாணல் மறைத்த இடம் போக மீதிக் கொக்கு மட்டுமே தெரியும். ஒரே கொக்கைப் பத்துத் தடவை பதிக்கலாம். பென்சில் பட்டதும் பத்தும் வெவ்வேறாகிவிடும். இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முத்திரையாகும் அழிறப்பருக்கும் ஒரு கதை உண்டு. இறப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்துவைத்தார். இலங்கைக்கு இறப்பர் கன்றுகள் வந்தது 1876இல், கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கு. கொலன்னாவையிலிருந்து அது அதிக தூரமில்லை.

இப்படி ஓர் இடத்தைக் காகிதத்தில் காப்பாற்றிவைக்கும் வேலையை யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் பெரிய அளவில் செய்திருக்கிறார். 2011இல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில், போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்கள் உள்ளன. கோடுகள் கோணலாக இருக்கலாம். ஆனால் கிணறும் வாசலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி வீட்டை விட்டு வந்தவர்கள் பலர் வாழ்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகள் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்து, அவர் சொல்லச் சொல்ல விட்டுவந்த வீட்டு முற்றத்து வேப்பமரத்தை முத்திரையாகச் செதுக்கட்டும். இலைக்கு எந்தப் பச்சை என்பதை அவரே தெரிவுசெய்யட்டும்.