ஏ.சி. மெக்கானிக்கின் பையில் என்ன இருக்கிறது?

வீடுகளுக்குச் சென்று ஏ.சி. சர்வீஸ் செய்வது என் தொழில். பையைத் திறந்து மீட்டர்களை எடுத்து வைத்தவுடன் பல வீடுகளில் ஒரே கேள்விதான் வரும். "கூலிங் குறைவாக இருக்கிறது, கேஸ் போட்டால் சரியாகிவிடுமே! எதற்கு இத்தனை கருவிகள்?" அதற்கான பதிலை இங்கு தருகிறேன். கூடவே, நீங்கள் புதிதாக வாங்கியுள்ள கம்ப்யூட்டர் இந்த விஷயத்தில் எப்படிக் கைகொடுக்கும் என்பதையும் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ், பெட்ரோல் போலச் செலவாகித் தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அதே செலவு மீண்டும் வரும். அழுக்கேறிய ஃபில்டர், பலமிழந்த கப்பாசிட்டர் ஆகியவற்றாலும் கூலிங் குறையும். எது காரணம் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குத்தான் இந்தக் கருவிகள்.

டாங் டெஸ்டர்: கிளாம்ப் மீட்டர் என்றும் சொல்வார்கள். நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். வயரைத் துண்டிக்காமல், அதைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளந்துவிடும். ஒரு வயரை மட்டுமே கவ்வ வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி மீட்டர் பூஜ்யம் காட்டும். சாதாரண ஏ.சி.யில் கேஸ் குறைந்தால் ஆம்பியர் குறையும். அவுட்டோர் காயிலில் அழுக்கு அடைத்தால் ஆம்பியர் கூடும்.

மல்டிமீட்டர்: வோல்டேஜ் சரியாக வருகிறதா, கப்பாசிட்டரில் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவு இன்னும் இருக்கிறதா என்று இதில் பார்க்கலாம். கப்பாசிட்டர் கெட்டுக் கம்ப்ரஸர் ஓடாதபோது, கம்ப்ரஸரே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு எச்சரிக்கை. பிளக்கை எடுத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எனவே அவுட்டோர் யூனிட்டின் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

தெர்மாமீட்டர்: உள்ளே இழுக்கப்படும் காற்றுக்கும் வெளியே வரும் குளிர்காற்றுக்கும் பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். துப்பாக்கி வடிவில் உள்ள இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான செப்புக் குழாயில் காட்டினால் தவறான அளவு வரும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அலுமினிய ஹீட் சிங்கிலும் இப்படித்தான். குழாய்க்கு, கிளிப் போலக் கவ்வும் தெர்மாமீட்டரே நம்பகமானது.

கேஜ் செட்: கேஸின் அழுத்தத்தைக் காட்டும். கேஸ் 5 டிகிரியில் ஆவியாகிறது என்றால், பழைய ஆர்-22 கேஸில் சுமார் 70 பி.எஸ்.ஐ., ஆர்-32 கேஸில் சுமார் 120 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும். இப்போது இந்தக் கணக்கை மொபைல் ஆப்களே போட்டுத் தருகின்றன. ப்ளூடூத் வழியாக அளவுகளை மொபைலுக்கு அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன.

வேக்கம் பம்ப்: கேஸ் நிரப்பும் முன் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது இது. 30 டிகிரி வெப்பத்தில், அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே போனால் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைத்தான் பம்ப் இழுக்கிறது. 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்குவது நல்ல பழக்கம்.

தராசு: எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்பது ஏ.சி.யின் லேபிளிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். எனவே கேஸை எடைபோட்டு நிரப்புவதே சரி.

லீக் தேட சோப்புத் தண்ணீரே போதும். ஆனால் அதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்ற நைட்ரஜனைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆக்ஸிஜனை ஏற்றினால் கம்ப்ரஸர் ஆயிலுடன் சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ். அது குழாயில் இருக்கும்போது வெல்டிங் வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது எந்த சிலிண்டர் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு

இனி உங்கள் பங்கு. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் தேதி, உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, வித்தியாசம், ஆம்பியர், செய்த வேலை எனத் தலைப்புகள் கொடுங்கள்.

ரிமோட்டில் மிகக் குறைந்த டிகிரியும் அதிக ஃபேன் வேகமும் வைத்து, 15 நிமிடம் ஓடிய பின் காற்றின் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். அறை வெப்பம் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. ஆம்பியரை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள்.

வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரே கணக்கிடும். அந்தக் கட்டத்தில் சமக் குறியை டைப் செய்து, உள்ளே போகும் காற்றின் எண்ணைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறியை அழுத்தி, வெளியே வரும் காற்றின் எண்ணைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் ஃபார்முலா வந்துவிடும்.

ஒரு வீட்டில் இப்படி எழுதி வைத்திருந்தார்கள். சாதாரண ஏ.சி. மூன்று ஆண்டுகளில் வித்தியாசம் 11, 10, 7 என்றும், ஆம்பியர் 7.2, 7.0, 5.9 என்றும் இறங்கியிருந்தது. ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தன. லீக் இருக்கும் என்று சந்தேகித்து அவுட்டோர் யூனிட்டின் ஃப்ளேர் நட்டில் சோப்புத் தண்ணீர் விட்டேன், குமிழி வந்தது. குழாயின் வாயைப் புதிதாக விரித்து இறுக்கி, கேஸை எடைபோட்டு நிரப்பினேன். அடுத்த ஆண்டும் வித்தியாசம் 11 டிகிரியே இருந்தது.

அடுத்த முறை யாராவது "கேஸ் இல்லை" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆம்பியர் எவ்வளவு? லீக் எங்கே? எத்தனை கிராம் நிரப்பப் போகிறீர்கள்? பதில்களை அப்படியே உங்கள் பதிவேட்டில் ஏற்றி வையுங்கள்.