மனநோயுற்றோரும் தொழில் வாழ்வும்: திருச்சபையின் பணி

மனநோயினின்று தேறிவரும் ஒருவரைச் சந்திக்கச் செல்லும் ஆயரிடம் குடும்பத்தார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதன்று. "ஐயா, இவன் இனி வேலைக்குப் போவானா?" என்பதே அது. "முதலில் முழுக்கக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நாம் ஆறுதல் கூறுகிறோம். இவ்வாறுதல் சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனநோய் என்று நாம் இங்குக் குறிப்பிடுவது மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்ற கடுமையான நோய்களையே. பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றும் அறிவுசார் குறைபாடு இதனின்றும் வேறானது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 0.8 பேர் கடுமையான மனநோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. தருமபுரி மாவட்டத்தின் மக்கள் தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 15 இலட்சம். அவருள் வயதுவந்தோரைப் பத்து இலட்சம் எனக் கொண்டாலும், இம்மாவட்டத்தில் மட்டும் 8,000 பேர் இந்நிலையில் இருக்கக்கூடும். நம் சபைகளிலும் இவர்கள் உண்டு. ஆயினும் ஆராதனைக்கு வருவோர் சிலரே.

1. இரு வழிகள்

நோயுற்றோருக்கு வேலை மருந்தாகும் என்னும் எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, நோயாளிகளுக்குத் தொழில் பயிற்றும் முறையை அங்கு வளர்த்தார். 1984இல் அவர் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ப், மறுவாழ்வைச் சிகிச்சையின் பகுதியாகவே கருதியது. முதலில் பயிற்சி, பின்னர் வேலை என்பது அந்நாளில் உலகெங்கும் வழங்கிய முறையாகும்.

இதனை மாற்றியமைத்த முறை 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உருவாயிற்று. ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகிய இருவரும் அதனை வகுத்தனர். அதன் கொள்கைகள் எளியவை. வேலை செய்ய விரும்பும் எவரையும், "இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று ஒதுக்கலாகாது. தேடப்படும் வேலை, மற்றவர்களும் அதே கூலிக்குச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். இரக்கத்தால் உண்டாக்கப்பட்ட வேலையாக இருத்தல் கூடாது. அவரவர் விருப்பத்திற்கேற்ற வேலையை விரைவில் தேட வேண்டும். மருத்துவரும் வேலைக்குத் துணைநிற்பவரும் கலந்து செயற்பட வேண்டும். வேலை கிடைத்த பின்னரும் துணை நீடிக்க வேண்டும்.

இம்முறையை ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 312 பேரிடம் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். முன்னர்ப் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 28 பேரே வேலையில் அமர்ந்தனர்; நேராக வேலைக்குச் சென்று துணை பெற்றோரில் 55 பேர் அமர்ந்தனர். ஆயத்தம் வேலைக்கு முன்னரே முடிவதன்று. வேலையினூடே வளர்வது என்பதே இதன் பாடம். நம் நாட்டு அனுபவமும் இதற்கு இசைவானது. 1980களின் தொடக்கத்தில் நோயுற்ற 90 பேரைச் சென்னையில் நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வில், ஆண்களில் பெரும்பான்மையோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தமை தெரியவந்தது.

2. தருமபுரியின் நிலை

எனினும் மேலைநாட்டு முறையை அப்படியே இங்கு நடுதல் இயலாது. இங்குள்ள வேலை பெரும்பாலும் நாட்கூலி: பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டம், மாங்கூழ் ஆலை, பட்டுப்புழு வளர்ப்பு, செங்கற்சூளை, இவையின்றேல் பெங்களூருவில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. இவற்றுள் சில நோயுற்றோருக்குத் தீங்கு பயக்கலாம். இரவு வேலை உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக்கேடு நோயை மீண்டும் எழுப்பும். லித்தியம் உட்கொள்பவர் சூளை வெயிலில் நீர் வற்றிப்போனால், அம்மருந்தே உடலில் மிகுந்து நஞ்சாகலாம். வெளியூர் சென்றவருக்கு மாத்திரை தீர்ந்தால் வாங்கித்தர ஆள் இல்லை. ஆகவே எந்த வேலை, எந்நேரம், மருந்து எங்கே என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் இன்றியமையாதது.

சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றபோதிலும், அரசுப்பணி இடஒதுக்கீட்டில் அதற்கு இடமளிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்குறையை நீக்கி, மனநோயுற்றோரையும் ஒதுக்கீட்டில் சேர்த்தது. அரசுப் பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை அதன் பொருட்டு நீக்கலாகாது என்றும் விதித்தது. ஆயினும் தோட்டத்திற்கும் சூளைக்கும் இவ்வொதுக்கீடு எட்டுவதில்லை. அங்கு ஒருவரை வேலையில் அமர்த்துவதும் நிலைநிறுத்துவதும் அயலாரின் நல்லெண்ணமே.

3. ஆயரின் பங்கு

திராட்சத்தோட்ட உவமையில் பதினோராம் மணி வேளையில் கடைவீதியில் நின்றவர்களை நாம் சோம்பேறிகள் என எண்ணிப் பிரசங்கிப்பதுண்டு. அவர்கள் தாமே கூறும் காரணமோ, தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதுதான். எசமான் அவர்களது தகுதியைச் சோதித்து நிற்கவில்லை, தோட்டத்திற்கு அனுப்பினான். கெரசேனர் நாட்டில் சுகம்பெற்றவனை ஆண்டவர் தம்முடன் வைத்துக்கொள்ளவில்லை. அவன் இனத்தாரிடத்திற்கே அனுப்பினார். சுகம் என்பது ஊருக்குள் மீண்டும் இடம்பெறுதலையும் உள்ளடக்கும்.

எனவே ஆயர் செய்யத்தக்கவை சில. ஜெபத்தை மருந்துக்கு மாற்றாக வைக்கலாகாது; உபவாச நாளிலும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாகாது. சபையில் தோட்டமோ கடையோ பட்டறையோ உடையவரிடம் தக்க வேலையைக் கேட்கலாம். அரைக்கூலிக்கு அன்று, முழுக்கூலிக்கே கேட்க வேண்டும். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா என்பதை நோயுற்றவரே முடிவுசெய்யட்டும். அவர் இசைவின்றி ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி விண்ணப்பம் ஏறெடுப்பதும் அவர் வேலையைக் கெடுக்கலாம். உதவித்தொகை பெறுபவராயின், வேலையால் அது நிற்குமா என முன்னரே விசாரித்துச் சொல்லுதல் நன்று.

யாவற்றினும் கடினமானது வேலை கிடைத்த பின்னர் வரும் பணியே. முதல் மாதத்தில் ஒருவர் இரண்டு நாள் வராதிருந்தால், முதலாளி வேறு ஆளைத் தேடுவார். அவரோ வெட்கி வீட்டிலேயே தங்கிவிடுவார். அந்த இரண்டாம் நாளில் இருவரிடமும் சென்று பேச ஒருவர் வேண்டும். அதற்குப் பெரும் நிறுவனம் தேவையில்லை. வாரந்தோறும் விசாரிக்கும் ஒரு மூப்பரோ வாலிபரோ போதும். "குணமாகட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பதை விடுத்து, வேலைக்குச் செல்பவரோடு நாமும் சில அடி நடப்போமாக.