தலையில் அடிபட்ட குழந்தையைப் பேணுதல்

தளவாய்புரம் வட்டாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மிகுதி. மரத்திலிருந்து விழுந்தோ, கிரிக்கெட் பந்து பட்டோ, இரு சக்கர வாகனத்திலிருந்து தவறியோ சிறுவர்கள் தலையில் அடிபடுவது எல்லாக் கிராமங்களிலும் உண்டு. இரத்தம் வந்தால் பெற்றோர் மருத்துவரிடம் ஓடுகின்றனர். வெளிக்காயம் இல்லாவிடில் மறுநாளே பிள்ளையை விளையாட விடுகின்றனர். நாம் கருத்தூன்ற வேண்டியது இங்கேதான்.

தேங்காயைக் குலுக்கினால், ஓடு உடையாமலே உள்ளிருக்கும் நீர் அலைகின்றதல்லவா? அவ்வாறே அடிபட்டவுடன் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகின்றது. இதுவே மூளை அதிர்ச்சி. நினைவு தவறாமலும் இது நேரலாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுதல், மறதி, எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஸ்கேன் படம் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். இவ்வதிர்ச்சியைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே, படத்தில் குறை இல்லை என்பதால் குழந்தை குணமாகிவிட்டது என்று கொள்ளலாகாது.

தலையில் அடிபட்ட குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, அதிகரிக்கும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல், எழுப்பியும் விழிக்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் 108 எண்ணை அழையுங்கள். கைக்குழந்தை ஓயாது அழுவதும் பால் குடிக்க மறுப்பதும் அபாயக் குறிகளே. இராஜபாளையத்தில் அரசு மருத்துவமனை உண்டு. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் உண்டு.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய குழந்தையைத் தூங்கவிடாமல் தடுக்க வேண்டியதில்லை. தூக்கம் நன்மையே செய்யும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பல நாள் இருட்டறையில் கிடத்துவதும் தவறு. விளையாட்டில் நேரும் மூளை அதிர்ச்சி பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்களும், நீடித்த முழு ஓய்வு பயன் தராது என்றே உரைத்தனர். நடவு நட்ட வயல் பச்சை பிடிக்கச் சில நாள் ஆவது போல, மூளையும் படிப்படியாகவே தேறும்.

முதலில் வீட்டுக்குள் நடமாட்டம். பின்பு சிறிது நேரம் படிப்பு. அடுத்து அரை நாள் பள்ளி. பின்னர் முழு நாள். ஒரு படியில் தொல்லை அதிகரித்தால் முந்திய படிக்குத் திரும்புக. தேர்வையும் வீட்டுப் பாடத்தையும் சில நாள் தளர்த்துமாறு தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான குழந்தைகள் 4 வாரங்களுக்குள் குணமடைகின்றனர். அதற்கு மேலும் தொல்லை நீடித்தால் மருத்துவரை மறுபடியும் காண வேண்டும்.

மரமேறுதல், கிணற்றில் குதித்தல், சைக்கிள் ஓட்டுதல், பந்தாட்டம் ஆகியவை மருத்துவர் அனுமதித்த பின்னரே. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். 2020 டிசம்பரில் கான்பெராவில் தலைக்கவசத்தில் பந்து பட்ட ரவீந்திர ஜடேஜா, அன்று மீண்டும் களமிறங்கவில்லை. அவருக்குப் பதிலாகச் சாஹல் பந்து வீசினார். இத்தகைய மாற்று ஆட்டக்காரருக்கு 2019 முதல் சர்வதேச விதி இடமளிக்கின்றது. தேர்ந்த வீரருக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், வளரும் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்!

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. அபாயக் குறிகளைக் கிராம சபையில் எடுத்துரையுங்கள். பள்ளிச் சுவரில் எழுதச் செய்யுங்கள். நைட்டி தைத்துப் பிழைக்கும் தாய்க்கும், கூலி வேலைக்குச் செல்லும் தந்தைக்கும் இரண்டு நாள் வருமானத்தை இழப்பது எளிதன்று. அவ்விரு நாளும் அயலார் முறை வைத்துக் குழந்தையின் அருகிலிருந்தால், பெற்றோரின் பிழைப்பும் கெடாது. பிள்ளையின் காவலும் குறையாது.