அநுபவ அறிவைப் பேணுதல்

ஒரு ஸ்தாபனத்தின் சொத்து யாதெனக் கேட்டால் கட்டிடம், கருவி, ரொக்கம் ஆகியவற்றையே பலரும் குறிப்பிடுவர். அங்கு வேலை செய்வோரிடம் நாளடைவில் சேர்ந்த அறிவு எந்த ஐந்தொகையிலும் ஏறுவதில்லை. அதை உடையவர் ஓய்வுபெற்றுச் சென்றபின்னரே அதன் நஷ்டம் தெரிய வருகிறது. ஆகையால் பெருங்கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் சுமார் முப்பது வருஷங்களாக இவ்வறிவைப் பேணுதலைத் தனியொரு காரியமாகவே நடத்தி வருகின்றன. 2018-ம் வருஷத்தில் சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் இதற்கென 30401 என்னும் எண்ணுள்ள தரவிதியை வெளியிட்டது. கம்பெனிகளுக்காக எழுந்த விஷயமாயினும் ஏரிப் பாசனச் சங்கத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது நன்கு பொருந்தும்.

அறிவில் எழுதப்பட்டது, எழுதப்படாதது என இருவகை உண்டு. 1980-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் முதலிய பகுதிநேர கிராம உத்தியோகங்கள் ரத்துச் செய்யப்பட்டன. பின்னர் அவ்வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அடங்கலும் சிட்டாவும் கைமாறக்கூடிய பொருள்கள். இன்ன சர்வே நம்பரில் இன்ன பயிர் என்பது அடங்கலில் இருக்கும். எந்த வாய்க்காலின் கரை ஐப்பசி மழையில் முதலில் சரியும், கடைமடைக்குத் தண்ணீர் சேர எந்த மதகை எத்தனை நாழிகை அடைத்து வைக்கவேண்டும் என்பனவற்றுக்கு அதில் கலமே கிடையாது. அவை மனிதரோடு இருந்து மனிதரோடு போவன.

எழுதப்படாத அறிவை எவ்விதம் பெறுவது என்பதற்கு ஜப்பான் தேசத்திலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். மட்சுஷிதா என்னும் மின்சாரக் கருவிக் கம்பெனியார் வீட்டில் ரொட்டி செய்யும் யந்திரம் ஒன்றைச் செய்ய முற்பட்டனர். ரொட்டியின் மேற்புறம் தீய்ந்து உட்புறம் வேகாது நின்றது. யந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் காரணம் புலப்படவில்லை. முடிவில் கம்பெனியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ஒஸாகா நகரத்து ஹோட்டலொன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் சென்று பழகினார். அவர் மாவை இழுக்கும்போது முறுக்கியும் இழுக்கிறார் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. அம்முறுக்கல் உண்டாகும்படி யந்திரத்தின் உட்புறம் திருத்தப்பட்டு, 1987-ல் அது விற்பனைக்கு வந்தது. அந்த ரொட்டிக்காரர் எதையும் மறைத்தவர் அல்லர். தம் கை செய்வது இன்னதென்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவே.

எழுதியதைப் பத்திரப்படுத்துவதும் சாமானியக் காரியமன்று. இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமைக்கு எருச் சோதனை நடந்து வருகிறது. அறுவடை தோறும் தானியமும் வைக்கோலும் சிறிது எடுத்துத் தேதி எழுதிச் சேமித்தனர். நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் கழிந்தபின், அம்மாதிரிகளைக் கொண்டே கோதுமையின் இலைநோய்ப் பூஞ்சணங்கள் ஆகாயத்திலுள்ள கந்தகப் புகைக்குத் தக்கபடி மாறியதைக் கண்டறிந்தனர். சேமித்தவர்கள் இப்பயனை நினைத்திருக்க முடியாது. கோயமுத்தூரிலும் 1909 முதல் இவ்விதமான நிரந்தர எருச் சோதனை நடைபெற்று வருகிறது.

2022-க்குப் பிறகு, கேட்ட கேள்விக்கு வாக்கியமாகவே விடை தரும் யந்திரங்கள் பரவியுள்ளன. ஸ்தாபனங்கள் தங்கள் தஸ்தாவேஜுகளை அவற்றிடம் ஒப்புவித்து விடை பெறுகின்றன. காகிதம் பழமையானால் விடையும் பழமையாகும்; ஆயினும் பேச்சு மட்டும் தெளிவாக இருக்கும் என்பதே இதிலுள்ள அபாயம். எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது. அதற்குமுன் அச்சான துண்டுப் பிரசுரங்களில் அம்மருந்து சிபாரிசு செய்யப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்று மற்றக் காகிதங்களோடு சேர்ந்து கிடப்பின் யந்திரம் அதையும் எடுத்துக் கூறக்கூடும். எனவே காகிதங்களைச் சேர்ப்பதைவிடக் காலாவதியானவற்றை நீக்குவதே இக்காலத்தில் முந்திய வேலையாயிற்று. இதை விடுத்து, விலையுயர்ந்த கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றை வாங்கிவிட்டுக் கடமை தீர்ந்ததாகக் கருதும் நிர்வாகிகளும் இருக்கின்றனர்.

ஏரிப் பாசனமுள்ள கிராமத்தார் இதற்குச் செலவொன்றும் செய்யவேண்டியதில்லை. நீர்க்கட்டி முதுமையடைந்திருப்பின், அவர் வேலையை விடுவதற்கு ஒரு போகம் முன்னதாகவே அடுத்தவரை அவருடன் மடைக்கு அனுப்புதல் வேண்டும். இரண்டொரு நாள் சுற்றிக் காட்டுவது போதாது. நீர் நிறைந்த காலமும் வற்றிய காலமும் இருவரும் சேர்ந்து பார்த்திருக்கவேண்டும். அறுவடை முடிந்த வாரத்தில் சங்கத்தார் கூடி, நினைத்தது என்ன, நடந்தது என்ன, வித்தியாசம் ஏன் என மூன்றையும் பேசிக் குறித்துக்கொள்ளலாம். யார்மேல் குற்றம் என்ற பேச்சு எழுமாயின் மறுவருஷம் ஒருவரும் உண்மை கூறார். குறிப்பில் மதகை அடைத்த தேதி மாத்திரமன்றி அடைத்த காரணமும் இருத்தல் அவசியம். நோட்டுப் புத்தகம் இரு பிரதிகளாக இருந்து, ஒன்று சங்கத்திலும் மற்றொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் பெயரும் தேதியும் காணவேண்டும்.