எக்ஸ்ட்ராஆர்டினரி – ஒரு சொல் தந்த பாடம்



நான் சிவில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும், "தம்பி, இதைப் படிச்சு சொல்லுப்பா" என்று என் கைக்குத்தான் வரும்.

போன வருஷம் அப்பா கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அவர் கடைநிலை ஊழியராக உள்ள அலுவலகத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அதில் 'எக்ஸ்ட்ராஆர்டினரி லீவ்' என்று இருந்தது. கிரிக்கெட் வர்ணனையில் தினமும் கேட்கிற வார்த்தைதானே! "அப்பா, உங்களுக்கு ரொம்ப விசேஷமான லீவு குடுத்திருக்காங்க" என்றேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, வேறு லீவு எதுவும் பாக்கி இல்லாதபோது சம்பளமில்லாமல் தரும் லீவுக்குத்தான் அந்தப் பெயர் என்று. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. என் பரீட்சை ஃபீஸ் அதில்தான் கட்டினோம்.

மறுநாளே லைப்ரரியில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'எக்ஸ்ட்ரா' என்றால் வெளியே. 'ஆர்டோ' என்றால் வரிசை, ஒழுங்கு. ஆக, வழக்கமான வரிசைக்கு வெளியே நிற்பது என்று பொருள். 'எக்ஸ்ட்ரா' என்பதை நாம் டீக்கடையில் சொல்வது போல 'கூடுதல்' என்று எடுத்துக்கொண்டால், 'கூடுதல் சாதாரணம்' என்றல்லவா ஆகிவிடும்! நம் 'அசாதாரணம்' இதற்குப் பொருத்தமான சொல். பேசும்போது நடுவில் வரும் 'ஏ' எழுத்தைத் தனியே இழுக்காமல் 'எக்ஸ்ட்ரார்டினரி' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சொல் வரும் இடங்களைப் பாருங்கள். அரசிதழ் வழக்கமாக வரும் நாள் ஒன்று உண்டு. அவசரமாக அதற்கு வெளியே வந்தால் 'கெஜட் எக்ஸ்ட்ராஆர்டினரி'. கம்பெனிகள் வருஷாந்திரப் பொதுக்குழு தவிர இடையில் கூட்டும் பொதுக்குழுவும் 'எக்ஸ்ட்ராஆர்டினரி'தான்.

பிசிக்ஸில் இன்னும் அழகு. கால்சைட் படிகத்தை ஒரு புள்ளியின் மேல் வைத்தால் புள்ளி இரண்டாகத் தெரியும். 1669-ல் பார்த்தோலின் என்ற டென்மார்க் அறிஞர் இதை எழுதி வைத்தார். படிகத்தைச் சுற்றினால் ஒரு புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். மற்றது அதைச் சுற்றி வரும். ஒளிவிலகல் விதிக்கு அடங்கி நடப்பது ஆர்டினரி கதிர். அடங்காதது எக்ஸ்ட்ராஆர்டினரி கதிர். இதில் உயர்த்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை.

அதுபோல 'ஆர்டினரி' என்றால் மட்டம் என்றும் நினைக்காதீர்கள். நாம் லேபில் சோதிக்கும் ஆர்டினரி போர்ட்லேண்ட் சிமென்டில் 53 கிரேடு, 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்க வேண்டும்!

ஆகவே நண்பர்களே, இந்தச் சொல் பாராட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. வழக்கத்துக்கு வெளியே என்று மட்டும்தான் அது சொல்லும். நல்லதா கெட்டதா என்பதை, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போதும் அப்பா காகிதங்களை என்னிடம்தான் தருகிறார். நான் முதலில் அகராதியைத் திறக்கிறேன். அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன்.