கணிப்பொறிச் சொற்கள்: ஓர் எளிய அறிமுகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

விஞ்ஞானம் வளர வளரப் புதிய சொற்களும் வளர்கின்றன. ‘சர்வர் வேலை செய்யவில்லை’, ‘ஓ.டி.பி. வந்ததா?’, ‘பைல் திறக்கவில்லை’ என்னும் பேச்சு நகரத்தோடு நின்றுவிடவில்லை. காட்டை ஒட்டிய எங்கள் ஜவளகிரியிலும் ரேஷன் கடை வாசலில் அன்றாடம் கேட்கும் பேச்சு அது. பொருள் தெரியாதவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். தெரிந்தவரோ, ‘என் மனு பதிவாகிவிட்டதா? மறுபடி எப்போது வரலாம்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத மாணவர் நம்மில் பலர். அவர்களுக்காகவும், அவர்கள் வழியாக அவர்களுடைய பெற்றோருக்காகவும் சில சொற்களை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில், கணிப்பொறி என்பது என்ன? மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ராகியைக் கொட்டுகிறோம், இயந்திரம் அரைக்கிறது, மாவு வருகிறது. கணிப்பொறியிலும் இந்த மூன்று படிகள்தாம். நாம் கொடுப்பது உள்ளீடு. அது செய்வது செயலாக்கம். நமக்குக் கிடைப்பது வெளியீடு. ராகியில் கல் கிடந்தால் மாவிலும் கல் இருக்கும். மனுவில் பிறந்த தேதியைத் தவறாக அடித்தால் சான்றிதழிலும் தவறாகவே வரும். ஆகவே இ-சேவை மையத்தில் மனுவை அனுப்புமுன், அடித்ததை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

மில்லில் உள்ள இயந்திரம், பெல்ட் முதலியவை கையால் தொடக்கூடியவை. கணிப்பொறியில் இத்தகைய பாகங்களுக்கு வன்பொருள் என்று பெயர். எப்போது ஓட்டுவது, எவ்வளவு நைசாக அரைப்பது என்று மில்காரர் மனத்தில் இருக்கும் முறை கைக்கு அகப்படாது. அதைப் போன்ற ஆணைகளின் தொகுப்பே மென்பொருள்.

நினைவகம் இருவகை. ஒன்று கரும்பலகை போன்றது; ‘ராம்’ என்பார்கள். வேலை நடக்கும்வரை எழுத்து அதில் இருக்கும். மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். மற்றொன்று நோட்டுப் புத்தகம் போன்ற சேமிப்பகம். கரும்பலகையில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொள்வதைத்தான் ‘சேவ்’ செய்வது என்கிறோம். நோட்டில் எழுதிப் பெயரிட்டு வைத்த ஒவ்வொன்றும் ஒரு ‘பைல்’, அதாவது கோப்பு.

கணிப்பொறிக்கு உண்மையில் எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. சுவிட்சுபோல இரண்டே நிலைகள்தாம் தெரியும்: 1 அல்லது 0. அத்தகைய ஒரு சுவிட்சுக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எட்டுச் சுவிட்சுகளை 256 விதமாகப் போட்டு நிறுத்தலாம்.

எழுத்துக்கு எண் கொடுத்தால்தான் இப்பொறி அதைக் கையாளும். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. ஓரிடத்தில் அடித்த கடிதம் வேறிடத்தில் கிறுக்கலாய்த் தெரிந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க வந்தது யூனிகோடு. 1991-ல் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழ் ‘அ’வுக்கு 2949 என்று எண். அதனுடன் 128 கூட்டினால் 3077. அது தெலுங்கு ‘அ’. மேலும் 128 கூட்டினால் 3205. அது கன்னட ‘அ’. எங்கள் ஓசூர் வட்டாரத் தெருக்களில் மூன்று மொழிகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வதுபோலவே யூனிகோடிலும் வாழ்கின்றன!

தமிழில் தட்டச்சு செய்யவும் எளிய வழி உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாயிற்று. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம்.

இனி, சர்வர். ஓட்டலில் கேட்டதைக் கொண்டுவந்து தருபவர் சர்வர் அல்லவா? அதுபோலவே, தொலைவிலிருந்து கேட்கும் பல பொறிகளுக்குத் தகவல் தரும் பெரிய கணிப்பொறியே சர்வர். ரேஷன் கடைக் கருவி நம் விரல் ரேகையை அனுப்பி, ‘இவர் அவர்தானா?’ என்று அதனிடம் கேட்கிறது. சர்வர் நின்றால் எல்லா ஊரிலும் வேலை நிற்கும். நம் ஊரில் மட்டும் நின்றால் பெரும்பாலும் சிக்னல் குறைவே காரணம். ‘பக்கத்து ஊர்க் கடையிலும் இப்படித்தானா?’ என்று கேட்டால் குறை எங்கே என்பது ஓரளவு விளங்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ஓ.டி.பி. ஒரே ஒருமுறை மட்டும் திறக்கும் சாவி என்று அதைச் சொல்லலாம். பணம் அனுப்பச் சொன்னவர் கணக்குக்கு உரியவர்தானா என்று சோதிக்கவே வங்கி அந்த எண்ணைச் செல்போனுக்கு அனுப்புகிறது. அதைப் பிறரிடம் சொல்வது, வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதற்குச் சமம். எங்கள் தெருவில் ஒருவர், கன்னடத்தில் இனிக்க இனிக்கப் பேசிய குரலை நம்பி எண்ணைச் சொல்லி, மூன்று மாதப் பால் பணத்தை இழந்தார். எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

மாணவ நண்பர்களே! இச்சொற்களைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு சொல்லையாவது அம்மாவுக்கோ பாட்டிக்கோ விளக்குங்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அவர்கள் பேசும் மொழியிலேயே விளக்குங்கள். நம்மைப் படிக்க அனுப்பியவர்களுக்கு நாம் திருப்பித் தரக்கூடிய முதல் தவணை அதுதான்.