அங்கம் இழந்தவனுக்கு அளவுகோல் எது?

மோட்டார் விபத்தில் இடது கையை இழந்த தச்சன் ஒருவனும் சர்க்கார் குமாஸ்தா ஒருவரும் நஷ்டஈடு கோரி டிரிப்யூனல் முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரம் இருவருக்கும் 60 சதவீத ஊனம் என்கிறது. இருவர் நஷ்டமும் ஒன்றாகுமா? குமாஸ்தா வலது கையால் பேனா பிடித்துத் தம் உத்தியோகத்தில் நீடிக்கலாம். தச்சனோ ஒரு கையில் உளியும் மறு கையில் கொட்டாப்புளியும் பிடித்தாலன்றிப் பிழைக்க வகையற்றவன். அவனுக்கு ஜீவனமே போயிற்று.

இவ்வுதாரணம் நாம் புனைந்ததன்று. 2010-ம் வருஷம் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டாரே தச்சனையும் குமாஸ்தாவையும் இவ்வாறு எடுத்துக்காட்டினர். அங்கத்தின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் நஷ்டம் வேறு என்று ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்பளித்தனர். அப்படியிருந்தும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வக்கீல்கள் இன்றும் பத்திரத்திலுள்ள சதவீதத்தையே பற்றிக்கொண்டு வாதாடுவதைக் காண்கிறோம்.

இவ்வாதத்தின் விலை என்ன? தச்சனுக்கு வயது 32, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி, அவ்வயதினருக்கு வருஷ வருமானத்தை 16-ஆல் பெருக்க வேண்டும். எதிர்கால உயர்வைச் சேர்க்காமலே 28,80,000 ரூபாய் ஆகிறது. 60 சதவீதம் என்று குறுக்கினாலோ 17,28,000 தான். மிச்சம் பதினொன்றரை லட்சம் கம்பெனியின் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது! வருஷக்கணக்கில் காத்திருக்க மாட்டாத ஏழை, அதிலும் குறைந்த தொகைக்கு லோக் அதாலத்தில் ராஜியாகிவிடுகிறான்.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. கேட்டவர்க்கெல்லாம் தாராளமாகப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வைத்தியர்களும் உளர். அதே தீர்ப்பு அவர்களையும் கண்டித்திருக்கிறது. பத்திரத்தில் ஐயமிருந்தால் வைத்தியரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யட்டும். மெடிகல் போர்டின் பரிசோதனைக்கு மனுச் செய்யட்டும். யார் தடுத்தார்?

தனியார் கம்பெனி லாபத்தையே கருதுகிறது என்று ஒருவாறு சமாதானம் சொல்லலாம். ஆனால் 1972-ம் வருஷச் சட்டத்தால் ஜெனரல் இன்ஷூரன்ஸைத் தேசிய உடைமையாக்கியது ஜனங்களின் நன்மைக்கன்றோ? அவ்வழி வந்த சர்க்கார் கம்பெனிகள் நான்கும் இதே ஆட்சேபத்தைக் கிளப்புவது நமக்குச் சிறிதும் உவப்பாயில்லை. கைத்தொழிலாளரின் வழக்குகளில் இவ்வாட்சேபத்தை எழுப்பலாகாதென்று நிதி மந்திரி அக்கம்பெனிகளின் டைரக்டர்களுக்கு உடனே உத்தரவிட வேண்டும்.